படகின் என்ஜின் மூடிக்கு எந்த ஸ்ட்ரட்? மூன்று வகைகளைப் பொருத்திப் பார்த்த மதிப்புரை

ஸ்டெர்ன்டிரைவ் வகைப் பொழுதுபோக்குப் படகுகளில் என்ஜின் பின்பக்கத் தளத்துக்கு அடியில் இருக்கும். அதற்கு மேலுள்ள ஃபைபர் கிளாஸ் மூடியின் மீதுதான் வெயில் காய்வதற்கான மெத்தையைப் பொருத்தியிருப்பார்கள். ஆயில் அளவு பார்க்க, பெல்ட்டின் இறுக்கத்தைச் சோதிக்க, தண்ணீர் வடிகட்டியில் சிக்கிய பாசியை எடுக்க, பேட்டரி முனையை முடுக்க என்று எந்த வேலைக்கும் முதலில் அந்த மூடியைத் தூக்கியாக வேண்டும். தூக்கிய மூடியைத் தாங்கி நிறுத்துபவை இருபுறமும் உள்ள இரண்டு கேஸ் ஸ்ட்ரட்டுகள். கார் டிக்கியைத் திறந்ததும் கதவை மேலே எழுப்பும் கம்பிகளும் இதே சாதனம்தான். இவை சோர்ந்துவிட்டால் மூடி பாதியில் நின்று, பிறகு மெல்ல இறங்கி, குனிந்து வேலை செய்பவரின் பிடரியில் வந்து உட்காரும்.

மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் ஏரியை ஒட்டிய படகுத் துறைகளில் நடந்து பார்த்தால், பழைய படகுகள் பலவற்றில் மூடிக்கு முட்டுக் கொடுப்பதற்கென்றே ஒரு துடைப்பக் கட்டையோ அறுத்த மரச்சட்டமோ கிடப்பதைக் காணலாம். துறையில் கட்டிய படகுக்கு அது போதும். ஏரியின் நடுவில் போதாது. இந்த ஏரி மிகவும் ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் 11 அடி அளவே என்பதால், காற்று சற்று வலுத்தாலும் குட்டையான, செங்குத்தான அலைகள் அடுத்தடுத்து எழுந்து படகை உலுக்கும். அந்த உலுக்கலில் முட்டுக்கட்டை நழுவினால் விழும் மூடியின் ஓரம் விரலைத் துண்டாக்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் என்ஜின் உள்ள படகுகளில், கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் ப்ளோயரை (உள்ளே தங்கிய காற்றை வெளியே இழுக்கும் விசிறியை) ஓடவிட்டு, என்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்னும் எச்சரிக்கைப் பட்டை ஸ்டீயரிங் அருகிலேயே ஒட்டப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதைவிட நம்பகமான சோதனை எதுவும் இல்லை. திறக்கச் சிரமமான மூடியை எரிபொருள் நிரப்பிய பிறகு யாரும் திறப்பதில்லை என்பதுதான் நடைமுறை.

ஆகவே சோர்ந்துபோன ஸ்ட்ரட்டுகளை மாற்றும் வேலையைச் சில்லறை வேலையாக நான் எண்ணவில்லை. என் படகு 24 அடி நீளமுள்ளது, மெர்க்ரூசர் 5.7 லிட்டர் வி8 என்ஜின். நன்னீரில் மட்டுமே ஓடுவது. இதற்காகக் கடையில் எளிதாகக் கிடைக்கும் கறுப்பு வண்ணம் பூசிய எஃகு ஸ்ட்ரட்டையும், இணையத்தில் மலிவாக விற்கும் பெயர் தெரியாத ஸ்டெயின்லெஸ் ஸ்ட்ரட்டையும் வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். மூன்றாவதாக, விசையைக் குறைத்துக்கொள்ளும் வால்வு உள்ள 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்ட்ரட்டை, ஃபுளோரிடாவின் டாம்பாவில் உப்புத் தண்ணீரில் படகு வைத்திருக்கும் நண்பருக்காக அவருடனிருந்து பொருத்தினேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்னீர்ப் படகுக்குக் கறுப்பு எஃகு ஸ்ட்ரட்டே போதும், காசுக்கும் அதுதான் தகும், உப்புத் தண்ணீருக்கு 316 வாங்குங்கள், எதை வாங்கினாலும் மூடியின் கனத்தை அளக்காமல் வாங்காதீர்கள். கடைக்காரர்களும் படகுத் துறை நிபுணர்களும் வழக்கமாகச் சொல்லும் "எதற்கும் ஒரு படி வலுவானதாகப் போடுங்கள்" என்னும் அறிவுரைதான் இந்த விஷயத்தில் அதிகச் சேதம் விளைவிப்பது.

ஏன் என்று விளங்க, ஸ்ட்ரட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூடிய குழாய்க்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கும். அதனுள் நுழைந்து வெளிவரும் தண்டை அந்த அழுத்தம் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கூடவே சிறிதளவு எண்ணெயும் இருக்கும். தண்டு வெளிவரும் வாயிலில் உள்ள ஆயில் சீலை ஈரமாக வைப்பதும், மூடி முழுவதும் திறக்கும் கடைசித் தருணத்தில் அடித்து நிற்காமல் வேகத்தைத் தணிப்பதும் அந்த எண்ணெயின் வேலை. தண்டின் முனை கீழே இருக்கும்படி பொருத்த வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தலைகீழாகப் பொருத்தினால் எண்ணெய் குழாயின் மறுகோடியில் தங்கிவிடும், சீல் காயும், வாயு கசியும். நான் கழற்றிய பழைய ஜோடியில் ஒன்று அப்படித்தான் இருந்தது. முந்தைய உரிமையாளர் ஒன்றை மட்டும் எப்போதோ மாற்றியிருக்கிறார் போலும். மற்றதைவிட அதுவே அதிகம் சோர்ந்திருந்தது.

குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் விசை, தண்டு ஏறத்தாழ முழுவதும் வெளியே நீண்டிருக்கும் நிலையில், 20 டிகிரி செல்சியஸில் அளந்தது. தண்டை உள்ளே அழுத்தும்போது வாயுவுக்கான இடம் குறைவதால் விசை கூடும். அளவுக்கும் வடிவமைப்புக்கும் ஏற்ப 20 முதல் 40 சதவீதம் வரை கூடுவது சாதாரணம். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் விசை சுமார் 3.5 சதவீதம் இறங்கும். ஜூலை வெயிலில் மூடியைக் கம்பீரமாகத் தாங்கிய ஸ்ட்ரட், ஏப்ரலில் படகை இறக்கும் குளிர்காலையில் தளர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். டெட்ராய்ட் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் டிக்கிக் கதவு மண்டையில் இடிக்கும் அனுபவம் புதிதாக இருக்காது.

இனி அளவெடுப்பு. இதற்குத் தேவையானவை விமான நிலையத்துக்குப் பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் கொக்கித் தராசு, குளியலறையில் ஏறி நின்று பார்க்கும் எடைக் கருவி, அளவு நாடா, ஒரு நூல் ஆகியவை மட்டுமே. மூடியைக் கழற்றி நிறுக்க வேண்டியதில்லை. பழைய ஸ்ட்ரட்டுகளை மூடியிலிருந்து விடுவித்துவிட்டு, கீல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள கைப்பிடியில் கொக்கித் தராசை மாட்டி, மூடி ஓர் அங்குலம் மேலெழும் அளவுக்குத் தூக்கினால் வரும் எடையைக் குறித்துக்கொண்டால் போதும். மெத்தை மேலேயே இருக்க வேண்டும். என் மூடி 30 பவுண்டு காட்டியது. கீலிலிருந்து கைப்பிடிக்கு 40 அங்குலம். இரண்டையும் பெருக்கினால் 1200. மூடியைக் கீழே அழுத்தும் திருப்புவிசை பவுண்டு-அங்குலக் கணக்கில் இவ்வளவு. மூடி 55 டிகிரி வரை திறக்கிறது. அந்தச் சாய்வில் கனத்தின் ஒரு பகுதியைக் கீலே ஏந்திக்கொள்வதால், ஸ்ட்ரட்டுகள் தாங்க வேண்டியது 1200-இல் 0.574 பங்கு (55 டிகிரியின் கொசைன் மதிப்பு), அதாவது 688 மட்டுமே.

அடுத்து ஸ்ட்ரட்டின் பிடிமானத்தை அளக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் இரு முனைகளும் மாட்டும் இரண்டு பந்துக் குமிழ்களுக்கும் இடையே நூலை இழுத்துக் கட்டி, கீலின் அச்சாணியிலிருந்து அந்த நூலுக்கு உள்ள மிகக் குறைந்த தூரத்தை எடுக்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போது என் படகில் அந்தத் தூரம் ஐந்தேகால் அங்குலம். மூடியிருக்கும்போது நாலரை அங்குலம். மூடியிருக்கும் நிலையில் நூல் கட்ட வழியில்லாததால் இரண்டு குமிழ்களின் இடத்தையும் அட்டையில் வரைந்து அளந்தேன். இந்த இரண்டு எண்களும் கையில் கிடைத்தபின் கணக்கு தானாக வரும். திறந்த மூடி நிற்பதற்கு 688-ஐ ஐந்தேகாலால் வகுக்க வேண்டும். இரண்டு ஸ்ட்ரட்டும் சேர்ந்து 131 பவுண்டாவது தள்ள வேண்டும் என்று விடை வருகிறது.

கடையில் இந்த நீளத்தில் 60, 90, 120 பவுண்டு என்று மூன்று விசைகள் கிடைத்தன. 60 ஜோடி 120 பவுண்டு தருவதால் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. 90 ஜோடி 180 பவுண்டு தருகிறது, உறைநிலைக் குளிரில் 7 சதவீதம் குறைந்தாலும் 167 மிச்சமிருக்கும், மூடி நிற்கும். மூடிய நிலையில் விசை 30 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொண்டால் 234 பவுண்டு, அதை நாலரையால் பெருக்க 1053. மூடியின் 1200-ஐவிட இது குறைவு. ஆகவே மூடி தன் கனத்தால் தானே படிந்து உட்காரும், திறக்கும்போது கைப்பிடியில் 4 பவுண்டுக்கும் குறைவாகத் தூக்கினால் போதும். குழந்தைகூடத் தூக்கலாம். 120 ஜோடியைப் போட்டால் அதே கணக்கு 1404 ஆகிறது. மூடியின் கனத்தைவிட ஸ்ட்ரட்டின் தள்ளுவிசை அதிகமாகிவிடுவதால், மூடி எந்நேரமும் தாழ்ப்பாளை முட்டிக்கொண்டிருக்கும். சாத்துவதற்கு ஒருவர் மேலே ஏறி உட்கார வேண்டியிருக்கும். நாளடைவில் ஃபைபர் கிளாஸ் மூடி நடுவில் வளையும், கீல் திருகுகள் பிடுங்கும். "ஒரு படி வலுவானது" விளைவிக்கும் சேதம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

பழைய ஸ்ட்ரட்டுகளையும் புதியவற்றையும் எடைக் கருவியில் சோதிக்கலாம். கருவியின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் தண்டின் முனையை ஊன்றி, குழாயை நேராகப் பிடித்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். தண்டு உள்ளே நகரத் தொடங்கும் கணத்தில் கருவி காட்டும் எண்தான், உராய்வு சற்றுச் சேர்ந்த, அதன் விசை. நழுவினால் பாய்ந்து வரும் என்பதால் முகத்தை விலக்கிக்கொண்டு, கண்ணாடி அணிந்துதான் இதைச் செய்ய வேண்டும். 90 என்று அச்சிட்டிருந்த என் பழைய ஜோடியில் ஒன்று 58-ம் தலைகீழாக மாட்டியிருந்தது 41-ம் காட்டின. தேவையான 131 எங்கே, கிடைத்த 99 எங்கே.

முதலில் இணையத்தில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஜோடியைப் பற்றி. விற்றவரின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. அதே பொருள் வேறு வேறு பெயர்களில் பல இடங்களில் விற்கிறது. பளபளப்புக்குக் குறைவில்லை, பெட்டியும் அழகு. 90 பவுண்டு என்று ஒட்டியிருந்த இரண்டில் ஒன்று எடைக் கருவியில் 118 காட்டியது, மற்றது 104. விசை அதிகமாக இருப்பதைவிட, ஜோடிக்குள் 14 பவுண்டு வேறுபாடு இருப்பதுதான் கெடுதல். பொருத்திப் பார்த்தபோது தாழ்ப்பாளை விடுவித்ததும் மூடி தானாக இரண்டு அங்குலம் எழும்பி நின்றது. அதுவும் இடது மூலை முன்னும் வலது மூலை பின்னுமாகக் கோணலாக எழும்பியது. முனையில் இருந்த சாக்கெட் பிளாஸ்டிக்கால் ஆனது. அதைப் பந்துக் குமிழில் அழுத்தியபோது 'கிளிக்' என்ற ஓசை வரவில்லை, கையால் இழுத்தாலே கழன்றது. 316 ரகம் என்று விளம்பரத்தில் இருந்தது. குழாயிலோ தண்டிலோ அதற்கான முத்திரை எதுவும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கறுப்பு எஃகு வகையில் நான் வாங்கியது அட்வுட் நிறுவனத்துடையது. மிச்சிகனின் லோவல் ஊரைச் சேர்ந்த இந்த நிறுவனம் படகுத் துணைப்பொருள்களில் பழைய பெயர். இதன் கேஸ் ஸ்ட்ரட்டுகள் ஏறக்குறைய எல்லாப் படகுக் கடைகளிலும் தொங்கும். 90 பவுண்டு ஜோடி எடைக் கருவியில் 93, 91 என்று காட்டியது. உராய்வைக் கழித்தால் சொன்ன விசை அப்படியே இருக்கிறது. தண்டின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பானது. நகத்தால் நீவிப் பார்த்தால் எங்கும் தட்டுவதில்லை. தண்டில் ஊசிமுனையளவு துருக்குழி விழுந்தாலும் அது ஒவ்வொரு முறையும் சீலைக் கீறிக்கொண்டே போகும் என்பதால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இதைத்தான். மூடி திறக்கும்போது கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் வேகம் தணிந்து, அதிராமல் நிற்கிறது. ஒரு கோடைக்காலம் முடிந்து மறுபடி எடைக் கருவியில் வைத்தபோதும் எண்ணில் மாற்றம் இல்லை. இந்த வகையில் விசையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. சரியான எண்ணைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். ஜோடிக்கு 60 டாலர் சுமாராக ஆயிற்று.

நண்பரின் படகுக்கு இது பொருந்தாது. மெக்சிகோ வளைகுடாவின் உப்புக் காற்றில் கறுப்பு வண்ணம் முனைகளில் உரிந்து, தண்டில் செம்புள்ளிகள் விழுந்துவிடும். 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பு அரிப்பதை அது நன்றாகத் தாங்கும். சாதாரண 304 ரகம் அந்த அளவுக்குத் தாங்காது. அவர் வாங்கியதில் குழாயின் அடிமுனையில் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. தேவைக்கு மேல் விசையுள்ளதாக வாங்கி, பொருத்திப் பார்த்து, ஆலன் சாவியால் வால்வைச் சிறிதே தளர்த்தி வாயுவை விட்டுவிட்டு, வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். இதைச் செய்யும்போது வால்வு மேலேயும் தண்டு கீழேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயுவோடு எண்ணெயும் சீறி வந்துவிடும். ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடி, பிறகு எடைக் கருவியில் பார்த்து, இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் எண் ஒத்துப்போகும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். பொறுமை வேண்டும், ஏனெனில் விட்ட வாயுவை வீட்டில் திரும்ப நிரப்ப இயலாது. ஜோடியின் விலை என்னுடையதைப் போல் மூன்று மடங்கு. அவருடைய மூடியில் நீர் ஊறிய பஞ்சு மெத்தையும், பக்கவாட்டில் குளிர்பெட்டியும் உண்டு என்பதால், கணக்கைவிடக் கையால் சரிசெய்துகொள்ளும் வசதி அவருக்கு உண்மையிலேயே பயன்பட்டது. மெத்தை விஷயத்தில் என் படகும் விதிவிலக்கல்ல: மழை பெய்த மறுநாள் கொக்கித் தராசு 30-க்குப் பதில் 34 காட்டியது.

பொருத்தும் வேலையில் ஸ்ட்ரட்டை மாட்டுவது மிக எளிய பகுதி. முனையில் உள்ள கம்பி வளையத்தைச் சிறிய திருப்புளியால் நெம்பித் தளர்த்தினால் பழையது குமிழிலிருந்து கழன்றுவிடும். புதியதை உள்ளங்கையால் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அதற்கு முன் மூடிக்கு இரண்டு மரச்சட்டங்களை இருபுறமும் முட்டுக் கொடுத்துவிட வேண்டும், ஒன்று போதாது. சிக்கல் தொடங்குவது குமிழைத் தாங்கும் பிராக்கெட்டில். என் படகில் வலதுபுறக் கீழ் பிராக்கெட்டின் நான்கு திருகுகளில் இரண்டு திருப்புளி வைத்ததுமே கையோடு வந்தன. மரையின் இடுக்குகளில் காப்பித் தூள் நிறத்தில் ஈரமான மரக்கூழ் ஒட்டியிருந்தது. விரலால் நசுக்கினால் தண்ணீர் கசிந்தது. ஃபைபர் கிளாஸுக்கு உள்ளே வைத்திருந்த பிளைவுட், திருகுத் துளை வழியே பல ஆண்டுகளாக நீர் இறங்கி உளுத்துப்போயிருந்தது. இந்த நிலையில் 234 பவுண்டு விசையில் பாதியை அந்தப் பிராக்கெட்டின் மேல் ஏற்றினால் சுவரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பலரும் ஸ்ட்ரட்டைக் குறை சொல்லும் இடங்களில் உண்மையில் தோற்றிருப்பது இந்தப் பலகைதான்.

துளைகளைப் பெரிதாக்கி, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுழற்றி உள்ளிருந்த உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்தேன். பிறகு முடி உலர்த்தும் கருவியாலும், இரவுகளில் ஒரு சிறு விளக்கின் சூட்டாலும் ஈரம் முழுவதும் போகும் வரை காயவிட்டேன். காயாமல் எப்பாக்ஸிப் பிசினை ஊற்றுவது வீண். முதலில் நீர்த்த எப்பாக்ஸியைத் தடவி மரம் குடிக்கவிட்டு, அதன்பின் சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் குழியை நிரப்பி, இறுகியபின் புதிதாகத் துளையிட்டேன். மூடியின் பக்கத்தில் திருகை விட்டுவிட்டு, மெத்தையைக் கழற்றி, அகலமான வாஷர் வைத்து ஊடுருவும் போல்ட்டுகளைப் போட்டேன். எல்லாத் துளைகளுக்கும், நீர் இறங்காமல் அடைக்கும் 3எம் 4200 சீலண்ட் பூசினேன். அதே நிறுவனத்தின் 5200 இன்னும் வலுவாக ஒட்டும். பின்னால் கழற்ற வேண்டிய இடத்தில் அதைப் பூசினால் கழற்றுபவர் பாடு திண்டாட்டம்தான்.

குமிழின் இடத்தை மாற்றுவது பற்றி ஓர் எச்சரிக்கை. பிராக்கெட் கழன்ற இடம் கெட்டுவிட்டது என்று பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துத் துளையிடுவது எளிய வழியாகத் தோன்றும். என் படகில் கீழ்க் குமிழை ஓர் அங்குலம் கீழே இறக்கினால் என்னவாகும் என்று அட்டையில் வரைந்து பார்த்தேன். மூடிய நிலையில் கீலிலிருந்து ஸ்ட்ரட்டுக்கு உள்ள தூரம் நாலரையிலிருந்து ஐந்தேமுக்கால் அங்குலம் ஆகிறது. 234-ஐ அதனால் பெருக்க 1345. சரியாகத் தேர்ந்தெடுத்த அதே 90 பவுண்டு ஸ்ட்ரட், ஓர் அங்குல இடமாற்றத்தில் 120 பவுண்டு ஸ்ட்ரட்டைப் போல் நடந்துகொள்ளும். அதோடு மூடி திறக்கும் கோணமும் குறைந்துவிடும். இதையே திருப்பிப் பயன்படுத்தவும் முடியும்: சற்று மிகையான ஸ்ட்ரட் கையில் இருந்தால், கீழ்க் குமிழை அரை அங்குலம் மேலேற்றி அதன் வேகத்தை அடக்கலாம். நீள்துளை உள்ள பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன. முதல் முறை பொருத்துபவர்களுக்கு அவை வசதி. மூடியைச் சாத்தும்போது தண்டு முழுவதும் உள்ளே போய் முட்டாமல் குறைந்தது அரை அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். மூடி தன் ரப்பர் விளிம்பின் மேல் உட்கார வேண்டுமே தவிர ஸ்ட்ரட்டின் மேல் உட்காரக்கூடாது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு படகுத் துறைப் பட்டறையிலும் விலை கேட்டிருந்தேன். வந்து பார்த்தவர் மூடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, 120 பவுண்டு ஜோடி போட்டுவிடலாம், கூலியோடு 400 டாலருக்கு மேல் ஆகும் என்றார். பிராக்கெட்டை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. எடை பார்ப்பீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். கோடை நெருக்கடியில் அவர்களுக்கு நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் 400 டாலர் வாங்கும் சேவையில் நான்கு திருகுகளை முடுக்கிப் பார்க்கும் சோதனையாவது அடங்கியிருக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் வேலை தெரியாதவர்கள் பட்டறைக்குக் கொடுப்பதில் தவறில்லை. கொடுப்பதற்கு முன் பிராக்கெட்டைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டி, மந்தமான ஓசை வரும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் கொடுங்கள்.

மின்சாரத்தால் தூக்கும் கருவியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஃபுளோரிடாவின் லென்கோ நிறுவனம் இதில் பெயர்பெற்றது. 12 வோல்ட் மோட்டாரால் நீளும் தண்டு மூடியைத் தூக்கி, நிறுத்திய இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய படகுகளின் முழுத்தள மூடிகளுக்கு வேறு வழியில்லை. என் அளவுப் படகுக்கு இது தேவையற்ற செலவு. தவிர, பேட்டரி மூடிக்கு அடியில் இருக்கும் படகில் பேட்டரி இறந்துவிட்டால், பேட்டரியை எட்ட மூடியைத் திறக்க வேண்டும், மூடியைத் திறக்கப் பேட்டரி வேண்டும். இந்தக் கருவியைப் பொருத்துபவர்கள் வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கான இரண்டு முனைகளையும், தண்டைக் கையால் விடுவிக்கும் ஊசியையும் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் என்ஜின் அறைக்குள் வைக்கும் எந்த மின்கருவியும் தீப்பொறி வெளியேறாத பாதுகாப்புடையதாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி, எஸ்.ஏ.இ. ஜே1171 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கார் இருக்கைகளுக்கோ சோபாக்களுக்கோ செய்த மலிவான மோட்டாரை அங்கே வைப்பது ஆபத்து.

குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றும்போது மூடியைச் சாத்தியே வையுங்கள். தண்டு குழாய்க்குள் இருப்பதால் ஈரமும் தூசியும் அதைத் தொடாது. பிளாஸ்டிக் உறையிடும் ஆட்கள் காற்றோட்டத்துக்கென்று மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போவதுண்டு, கவனிக்கவும். தண்டில் கிரீஸ் தடவ வேண்டாம், அதில் ஒட்டும் மண் சீலைத் தின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வசந்தத்தில் ஒருமுறை எடைக் கருவியில் வைத்துப் பார்த்து, ஜோடியின் கூட்டு விசை நீங்கள் கணக்கிட்ட குறைந்தபட்ச எண்ணை நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய பழையவற்றை அறுக்கவோ துளையிடவோ நெருப்பிலிடவோ கூடாது. சோர்ந்த ஸ்ட்ரட்டிலும் வாயு உயர் அழுத்தத்தில்தான் இருக்கும். பழைய இரும்பு எடுக்கும் இடத்தில் கொடுக்கும்போது, உள்ளே அழுத்த வாயு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.